21,600 மூச்சுகள்: தென்திருவிதாங்கூர் எல்லையில் முதியோரின் விலா முறிவு

மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது சித்த மரபின் கணக்கு. நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று கொண்டால் கிடைக்கும் எண் அது. இன்றைய உடலியல் நூல்கள் தரும் எல்லைக்குள்ளேயே அது அமைகிறது. கை முறிந்தால் பத்தை வைத்துக் கட்டலாம். கால் முறிந்தால் ஆளைக் கிடத்திவிடலாம். முறிந்த விலா எலும்போ ஒரே நாளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அசைந்தே தீரும். அசையாவிட்டால் ஆள் இல்லை. எலும்பு மருத்துவத்தின் முதல் விதியான 'அசைக்காதே' என்பது விலாவின் முன்னால் செல்லாமற்போகிறது. இந்த முரணை எப்படிக் கையாள்வது என்பதில் மருத்துவ மரபுகள் ஈராயிரம் ஆண்டுகளாகத் தடுமாறி வந்திருக்கின்றன. அத்தடுமாற்றத்தின் சுமை மிகுதியும் முதியவர்கள் மேலேயே விழுந்திருக்கிறது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை என்று தெற்கே இறங்கும் சாலையில் இவ்வரலாற்றின் பெரும்பாலான அடுக்குகளை ஒருசேரக் காணலாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இது ஒரே நாட்டின் தொடர்ச்சியான நிலம். அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பனையும் தென்னையும் ஏறிப் பிழைத்தவர்களின் ஊர்கள் இவை. மரத்திலிருந்து விழுதல் இங்கே தலைமுறை தலைமுறையாக அறியப்பட்ட விபத்து. முறிவு வைத்தியம் இப்பகுதியில் இத்தனை தழைத்ததற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. பனையேற்றம் குறைந்த பிறகும் விழுதல் குறையவில்லை. விழுபவரின் வயதுதான் மாறியது. குளியலறை ஈரம், மழைக்காலத்தில் பாசி பிடித்த முற்றம், சாலையோரம் நடப்பவரை இடித்துச் செல்லும் இருசக்கர வாகனம் ஆகியவை இன்று பனையின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபதைக் கடந்தோரின் பங்கு இந்தியா முழுமைக்கும் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6.

இந்நிலத்தின் முறிவு மருத்துவர் 'ஆசான்' எனப்படுபவர். அடிமுறையும் வர்மமும் ஒரே கையில் இருந்த மரபு இது: அடிக்கத் தெரிந்தவரே அடியை இறக்கவும் தெரிந்தவர். வர்ம நூல்கள் உடலில் 108 இடங்களைச் சுட்டி, 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என வகுக்கின்றன. நெஞ்சுக்குழியில் கூம்பு வர்மம், விலாவின் பக்கத்தில் அடப்ப வர்மம் என நெஞ்சுக்கூட்டைச் சுற்றியே முக்கியமான இடங்கள் பல அமைந்துள்ளன. இம்முறையில் எலும்பு முறிவும் 'வர்மம் கொள்ளுத'லும் ஒன்றல்ல. எலும்பு முறியாமலும் ஒருவர் வர்மம் கொண்டிருக்கலாம். முறிந்தவரிடமும் முதலில் பார்க்கப்படுவது எலும்பு அன்று. இளக்குமுறையால் ஆளை நிலைக்குக் கொண்டுவருதல், பின் அடங்கல், தடவுதல், எண்ணெய், கட்டு, கஷாயம் என வரிசை செல்லும். காயத்திருமேனி எண்ணெயும் முறிவெண்ணெயும் எல்லையின் இருபுறத்து வீடுகளிலும் இன்றும் இருக்கின்றன. ரோமன் சீலர் 2015இல் வெளியிட்ட வர்மம் பற்றிய இனவரைவியல் நூலும், ஃபிலிப் ஸாரில்லி 1998இல் களரிப்பயிற்று குறித்து எழுதிய நூலும் இம்மரபைக் கல்விப்புலத்துக்கு அறிமுகம் செய்தவை. இரண்டும் ஆசானின் அறிவை அதற்குரிய மரியாதையோடு அணுகுகின்றன. ஆயினும் ஆசானின் நோயாளிகள் எவ்வளவு வயதானவர்கள், கட்டு அவிழ்த்தபின் அவர்கள் என்ன ஆனார்கள் என்ற வினா அந்நூல்களின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. ஏட்டில் மருந்து உண்டு, முறை உண்டு. நோயாளியின் பெயரும் வயதும் முடிவும் எழுதும் வழக்கம் இல்லை. வர்ம மரபைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அக்காலத்து மருத்துவம் எங்கும் அப்படித்தான் இருந்தது.

வடமொழி மரபின் சுசுருத சங்கிதை விலா முறிவுக்குத் தனியே ஒரு முறை வகுக்கிறது. நோயாளிக்கு நெய் தடவி நிற்கவைத்து, முறிந்த பக்கத்தில் பத்தை வைத்துக் கட்டி, எண்ணெய் நிரம்பிய தொட்டியில் கிடத்தவேண்டும். எண்ணெய்த் தொட்டி என்பதை வெறும் சடங்காகத் தள்ளிவிட வேண்டியதில்லை. படுக்கையின் அழுத்தம் முறிந்த பக்கத்தில் படாமல் உடலைத் தாங்க அதைவிட எளிய வழி அன்று வேறெது? அதே அத்தியாயம் இன்னொன்றையும் கூறுகிறது: இளமையில் ஒரு மாதத்தில் கூடும் எலும்பு நடுவயதில் இரண்டு மாதமும் முதுமையில் மூன்று மாதமும் கொள்ளும். வயது இங்கே காலக்கணக்காகவே வருகிறது. சிகிச்சையைக் கைவிடுவதற்கான காரணமாக வரவில்லை. பிற்காலத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழம்பியதைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டின் அருமை விளங்கும்.

மேற்கிலும் கதை பெரிதும் வேறல்ல. கிரேக்க மரபின் நூல்கள் அளவான உணவும் ஓய்வும் தளர்வான கட்டும் பரிந்துரைத்தன. எபேசஸின் சொரானஸ், உடைந்த எலும்பின் முனை நுரையீரல் உறையைக் குத்தினால் மேலே கீறி, உறையைக் காத்துக்கொண்டு சில்லை அகற்றலாம் என்றார். ஏழாம் நூற்றாண்டின் பவுலஸ் வழியாக அக்குறிப்பு எஞ்சியிருக்கிறது. விலா முறிவுக்கு அறுவை என்ற எண்ணம் புதிதன்று என்பதற்கு அது போதும். மயக்க மருந்து வரும்வரை அது பெரும்பாலும் ஏட்டிலேயே இருந்தது.

தென்திருவிதாங்கூருக்கு ஐரோப்பிய அறுவை மருத்துவம் வந்த வழி நெய்யூர். 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்ற மருத்துவரை இலண்டன் மிஷனரி சங்கம் அங்கே அமர்த்தியது. அவருக்குப்பின் நீண்ட இடைவெளி. 1853இல் வந்த சார்லஸ் லீச் மறு ஆண்டே கடலில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கிய பின்பே அப்பணி ஓர் ஆளை நம்பி இராத நிறுவனமாயிற்று. இதே காலத்தில் பாறசாலையும் அச்சங்கத்தின் ஒரு தலைமையிடமாக இருந்தது. ஜான் ஆப்ஸும் அவருக்குப்பின் சாமுவேல் மட்டீரும் அங்கே பணியாற்றினர். நெய்யூரைத் தாயகமாகக் கொண்ட தென்திருவிதாங்கூர் மருத்துவப் பணி கிளைகளாகப் பரவி, உலகின் மிகப் பெரிய மருத்துவ மிஷன்களுள் ஒன்றாகப் பேசப்படும் அளவுக்கு வளர்ந்தது. ஆசானின் திண்ணையில் கட்டுப்போட்டவர் தேறாவிட்டால் மாட்டுவண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்ல ஓர் இடம் உண்டு என்ற நிலை அதனால் பிறந்தது.

ஆனால் அந்த இடத்தில் விலா முறிவுக்குக் கிடைத்த மருத்துவம் என்ன? அக்காலத்து ஆங்கில அறுவை நூல்கள் அனைத்தும் சொன்னது ஒன்றுதான். மூச்சை முழுதும் வெளியே விடச் செய்து, முதுகுத்தண்டிலிருந்து மார்பெலும்பு வரை ஒட்டுப்பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி ஒட்டுதல். ஆசானின் எண்ணெய்ச் சீலைக்கும் இங்கிலாந்தின் ஒட்டுப்பட்டைக்கும் துணியில் வேறுபாடு உண்டு; கருத்தில் இல்லை. இரண்டும் வலியைக் குறைத்தன. நெஞ்சு விரிவதையும் இரண்டுமே தடுத்தன. இருபது வயது மரமேறிக்கு அதனால் பெரிய கேடில்லை. எண்பது வயதுப் பாட்டாவுக்கு நெஞ்சு விரியாவிட்டால் சளி தேங்கும். தேங்கிய சளியை வெளியேற்ற இருமவேண்டும். இருமினால் உயிர்போகும் வலி. வலிக்கு அஞ்சி இருமாதிருந்தால் சில நாள்களில் நிமோனியா. அவர் இறந்தபின் ஊரார் சொல்வது 'நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டார்' என்பதே. விலா முறிந்து இறந்தார் என்று எவரும் சொல்வதில்லை. இறப்புச் சான்றிதழும் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. இம்முறிவு இத்தனை காலம் 'சிறு காயம்' என்ற பெயரோடு தப்பித்து வந்தது இந்தச் சொல்மாற்றத்தால்தான்.

இருமலின் விலையைத் தன் உடலிலேயே அறிந்த ஒருவர் நெய்யூரில் இருந்தார். தியடோர் ஹோவர்டு சாமர்வெல், முதல் உலகப்போரின் சோம் போர்முனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். 1922இல் எவரெஸ்ட் பயணம் முடிந்து தென்னிந்தியா வந்தவர், நெய்யூரில் ஒரே அறுவை மருத்துவரை நம்பிக் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவெடுத்தார். 1924இல் நெய்யூர் மருத்துவராகவே மீண்டும் எவரெஸ்ட் சென்றார். ஜூன் 4ஆம் நாள், ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம் வரை உயிர்வளிக் குப்பியின்றி ஏறித் திரும்பும் வழியில், உறைபனியால் வெந்து கழன்ற தொண்டையின் உள்படலம் மூச்சை அடைத்தது. முன்னே சென்ற நார்டனைக் கூப்பிடவும் குரல் எழவில்லை. பனியில் அமர்ந்து சாவை எதிர்பார்த்தவர், கடைசி முயற்சியாகத் தன் நெஞ்சின் இருபுறத்தையும் கைகளால் அழுத்தித் தள்ளினார், அடைப்பு வெளியே வந்தது, மூச்சு திரும்பியது. அன்று அவருடைய விலாக்களில் ஒன்று முறிந்திருந்தால் அந்த அழுத்தத்தை அவரால் தந்திருக்க முடியுமா? நெய்யூரில் அவர் பெயர் பெற்றது விலா முறிவுக்காக அன்று. இப்பகுதியில் மிகுந்திருந்த வயிற்றுப்புண்ணுக்கான அறுவையால்தான். 1948இல் அவர் வெளியிட்ட நூலும் இரைப்பை, முன்சிறுகுடல் அறுவை பற்றியதே. விலா முறிவு மருத்துவத்தில் அவர் புதுமை எதையும் செய்ததாகக் கூற இடமில்லை. எனினும் அந்த மலைச்சரிவில் நிகழ்ந்தது இந்நோயின் முழு உடலியலையும் ஒரு கணத்தில் காட்டிவிடுகிறது: ஆளைக் காப்பது நெஞ்சின் தள்ளுவிசை.

மருத்துவ உலகம் அதைக் கொள்கையாக ஏற்க இரண்டாம் உலகப்போர் வேண்டியிருந்தது. மத்தியதரைப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்கப் படை மருத்துவர்கள் பர்ஃபோர்டும் பர்பேங்கும் 1945இல் 'ஈர நுரையீரல்' என்ற நிலையை விளக்கினர். நெஞ்சில் அடிபட்டவரைக் கொல்வது நுரையீரலில் தேங்கும் நீரும் சளியும். ஆகவே விலா நரம்பை மரக்கச் செய்து நோயாளியை இருமவையுங்கள் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதன்பின் இறுக்கிக் கட்டும் முறை நூல்களிலிருந்து மெல்ல மறையலாயிற்று. நூல்களிலிருந்துதான், வழக்கிலிருந்து அன்று. மருந்துக்கடையில் கிடைக்கும் நெஞ்சுப்பட்டை இன்றும் அதே பழைய கருத்தின் வாரிசு.

பாறசாலைக்குத் தெற்கே மாநில எல்லை வரையப்பட்ட அதே 1956இல் எவரி, மோர்ச், பென்சன் ஆகியோரின் கட்டுரை சிகாகோவிலிருந்து வந்தது. பல விலாக்கள் இரண்டிரண்டு இடத்தில் முறிந்து, நெஞ்சுச் சுவரின் ஒரு பகுதி தனித்து ஊசலாடும் நிலையில், வெளியே கட்டுவதை விட்டு, எந்திரத்தால் காற்றைச் செலுத்தி நுரையீரலை உள்ளிருந்தே தாங்கலாம் என்றது அது. அடுத்த இருபது ஆண்டுகள் வென்டிலேட்டரின் காலம். 1975இல் டிரிங்கிளும் கூட்டாளிகளும் அவ்வெந்திரம் பலருக்குத் தேவையே இல்லை, வலியைத் தணித்து நுரையீரலைப் பேணினாலே போதும் என்று காட்டினர். தகடு வைத்து விலாவைப் பொருத்தும் அறுவையும் இதனூடே நடந்துகொண்டிருந்தது. 1973இல் பிரான்சின் ழூடே வெளியிட்ட முறை அவற்றுள் ஒன்று. ஆனால் அது சிலரின் தனித்திறனாகவே கருதப்பட்டது. காரணம் எலும்பின் இயல்பு. விலாவின் புறவோடு மெல்லியது, வளைந்தது, திருகியது. நேர்த்தகடும் திருகாணியும் அதில் நிற்பதில்லை. முதியவரின் எலும்பு நொய்ந்தது என்பதால் அங்கே இன்னும் நிற்பதில்லை. விலாவின் வளைவுக்கேற்ப முன்கூட்டியே வளைத்த டைட்டானியத் தகடும், தகட்டோடு பூட்டிக்கொள்ளும் திருகாணியும் இந்நூற்றாண்டில் பரவியபின்னரே நொய்ந்த எலும்பிலும் அறுவை இயலும் என்றாயிற்று.

இயலும் என்பதும் செய்யத்தகும் என்பதும் வேறு. சியாட்டிலில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 277 நோயாளிகளை இளையவர்களோடு ஒப்பிட்டு 2000இல் பல்ஜரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இத்துறையின் போக்கை மாற்றியது. முதியோரில் இறப்பு 22 விழுக்காடு, இளையோரில் 10. முறிந்த ஒவ்வொரு கூடுதல் விலாவுக்கும் முதியவரின் இறப்பு வாய்ப்பு 19 விழுக்காடும் நிமோனியா வாய்ப்பு 27 விழுக்காடும் ஏறின. 'சிறு காயம்' என்ற பழைய பெயர் அத்துடன் பொய்யாயிற்று.

ஆனால் அறுவைக்கு ஆதாரம் தந்த ஆய்வுகள் எவரிடத்தில் நடந்தன? ஜப்பானில் தனாகா (2002), எகிப்தில் கிரானெட்ஸ்னி (2005), ஆஸ்திரேலியாவில் மராஸ்கோ (2013) ஆகியோர் நடத்திய மூன்று சீரற்ற ஒதுக்கீட்டு ஆய்வுகளையும் 2015இன் காக்ரேன் மீளாய்வு தொகுத்தது. மூன்றிலும் சேர்த்து 123 பேர். அறுவை நிமோனியாவைக் குறைத்தது. இறப்பில் வேறுபாடு காணவில்லை. அம்மூன்றில் எந்தக் குழுவின் சராசரி வயதும் 60ஐ எட்டவில்லை. 2022இல் வெளிவந்த கனடா-அமெரிக்க ஆய்வு பெரியது: 15 மையங்கள், 207 நோயாளிகள். வென்டிலேட்டர் இன்றி இருந்த நாள்களின் கணக்கில் தெளிவான வேறுபாடு இல்லை. இறப்பு அறுவை செய்யாதோரில் 6 விழுக்காடு, செய்தோரில் ஒருவருமில்லை. அந்த ஆய்வில் சேர உச்ச வயது வரம்பு 85. அதற்கு மேற்பட்டவர்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

முதியோருக்கு அறுவை நன்மை தருகிறது என்று கூறும் பின்னோக்கிய ஆய்வுகள் உண்டு. அவற்றில் ஒரு பொறி இருக்கிறது: அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட 88 வயதுக்காரர் பெரும்பாலும் ஏற்கெனவே திடமானவர், தகடு இல்லாமலும் பிழைத்திருக்கக்கூடியவர். எனவே மிக முதியவருக்கு விலா அறுவை நல்லது என்று முழங்குவதும் தவறு. 'இந்த வயதில் எதற்கு' என்று மறுப்பதும் அதே அளவு ஆதாரமற்றது. முதல் தவறு அரிதாகவும் இரண்டாவது அன்றாடமும் நிகழ்கிறது என்பதே வேறுபாடு. 'விலா தானே கூடிக்கொள்ளும்' என்ற வாக்கியம் எலும்பைப் பொறுத்தவரை உண்மை. எலும்பு கூடுவதற்கு முன் ஆள் போய்விடலாம் என்பது அதில் இல்லை. சுசுருதர் முதுமைக்கு மூன்று மாதம் கொடுத்தார். இன்றைய அறுவையாளர்கள் முடிவெடுக்கக் கேட்பது முதல் 72 மணி நேரம்.

அந்த 72 மணி நேரம் எல்லைக் கிராமத்தில் எப்படிக் கழிகிறது என்பதில் சட்டமும் வரைபடமும் குறுக்கிடுகின்றன. 1953ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி மருத்துவர் சட்டத்தின்படி பதிவு இல்லாத பரம்பரை வைத்தியர் தொழில் செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் உறுதிசெய்தது. பட்டமற்ற கை உயிருக்கு ஆபத்து என்ற நீதிமன்றத்தின் கவலை நியாயமானது. ஆனால் பாறசாலைப் பக்கத்து ஆசானுக்கு அன்று அச்சட்டம் பொருந்தியது. களியக்காவிளையைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு சட்டம். தமிழ்ச் சுவடிகளைக் கொண்ட மரபு, பள்ளிமொழி மலையாளமாயுள்ள இப்பகுதியில் ஏற்கெனவே வாசகரை இழந்து வந்தது. இப்போது வைத்தியரையும் இழக்கிறது. முதல் நாளே வீடு தேடி வந்து, விழுந்தவரின் மூச்சைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருந்தார்; அவர் இடத்தில் இன்னொருவர் அமர்த்தப்படவில்லை. மறுபுறம் அரசு மருத்துவக் காப்பீடும் குடும்ப அட்டை எந்த மாநிலத்தது என்பதைப் பார்க்கிறது. 1959இல் தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயமும் இரண்டானபோது நெய்யூர் கன்னியாகுமரிப் பக்கம் நின்றது. பாறசாலை தென்கேரளப் பக்கம்.

பாறசாலையிலிருந்து அதிகத் தொலைவில்லாத காரக்கோணத்தில், எல்லையை ஒட்டி, 2002இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஒன்று சாமர்வெல்லின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தெற்கே ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. வடக்கே 1951 முதல் திருவனந்தபுரத்தில் இன்னொன்று. விழுந்த முதியவர் ஏதேனும் ஒன்றை அடைய இன்று மாட்டுவண்டி வேண்டியதில்லை. அவர் பெரும்பாலும் முதலில் அடைவது அருகிலுள்ள மருத்துவமனையை. அங்கே எடுக்கும் எக்ஸ்ரே பல விலா முறிவுகளைக் காட்டாது, சி.டி. ஸ்கேன் காட்டும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வலிமாத்திரையோடு வீடு திரும்பியவர் ஐந்தாம் நாள் காய்ச்சலோடு வருவதே இந்நோயின் பழகிய பாதை.

அந்தப் பாதையை மறிக்கத் தகடு எல்லோருக்கும் வேண்டியதில்லை. 2016இல் ஃபொரேரோ என்பவரும் கூட்டாளிகளும் விவரித்த முதுகுத் தசைத்தள நரம்பு மரப்பு, முதுகுத்தண்டின் உறைக்குள் ஊசி செலுத்தாமலே நெஞ்சுச் சுவரின் வலியைக் குறைக்க வழி திறந்தது. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்ணும் முதியவர்களிடத்தில் இது சிறு வேறுபாடன்று. வலி தணிந்தபின்னும் இருமமுடியாதவர் யார், ஊசலாடும் நெஞ்சு யாருடையது என்று தெரிந்தால் அறுவையாளரை அழைக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளும் கருவி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும்: வாயில் வைத்து உறிஞ்சினால் மூன்று பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும் பிளாஸ்டிக் பெட்டி. நோயாளியின் சீட்டில் வயது முதல் வரியிலேயே எழுதப்படுகிறது. பந்து எத்தனை எழுந்தது, நேற்று எத்தனை, இன்று எத்தனை என்பதற்கு அச்சீட்டில் இன்னும் கட்டம் இல்லை.